மத்திய அமெரிக்க மேகக்காடுகளில் பறவை பார்க்கப் போவது எப்படி

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அமெரிக்க மலைகளுக்குப் பறவை பார்க்க முதல் தடவை கிளம்பியபோது, பார்த்தே ஆக வேண்டிய பறவைகள் என்று நீளமாக ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்குத் தோதாக ஊர்களைக் கோர்த்தேன். பத்து நாளில் ஏழு விடுதி. தினமும் பெட்டியைக் கட்டுவது, வேனில் ஏறுவது, இறங்குவது, அறை சாவி வாங்குவது, மறுநாள் விடிந்ததும் திரும்பப் பெட்டியைக் கட்டுவது. ஊர் திரும்பியபோது பட்டியலில் நிறைய டிக் இருந்தது, ஆனால் ஒரு பறவையையும் நிதானமாகப் பார்த்த ஞாபகம் இல்லை. அடுத்த தடவை மூன்றே இடம், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பார்த்தது பல மடங்கு.

இந்த மலைகளில் ஒரு பறவை எங்கே இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று உயரம். இன்னொன்று, அந்த வாரம் எந்த மரம் பழுத்திருக்கிறது என்பது. உயரத்தை வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தே திட்டமிடலாம். பழுத்த மரம் எங்கே என்பது அங்கேயே இருக்கிற வழிகாட்டிக்குத்தான் தெரியும். எனவே உயரத்தை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள், மரத்தை வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள். மீதியெல்லாம் இதற்கான ஏற்பாடுகள்.

எந்தப் பக்கம் போவது

மத்திய அமெரிக்க மலைகள் ஒரே தொடர் மாதிரித்தான் வரைபடத்தில் தெரியும். பறவைகளைப் பொறுத்தவரை அவை இரண்டு தனித் தீவுகள். தெற்கில் கோஸ்டா ரிகாவும் மேற்குப் பனாமாவும் சேர்ந்த தலமாங்கா மலைகள். வடக்கில் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கத்து மலைகள், அவை மெக்சிகோவின் சியாபாஸ் வரை நீளும். நடுவில் நிகரகுவாவின் தாழ்நிலம். குளிர்ந்த காட்டில் பழகிய பறவை அந்தச் சூடான தாழ்நிலத்தைத் தாண்டுவது அபூர்வம் என்பதால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்து வளர்ந்துவிட்டன. தலமாங்கா பக்கத்தில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இனங்கள் சுமார் ஐம்பது இருக்கின்றன.

அதனால் ஒரே பயணத்தில் குவாத்தமாலாவையும் கோஸ்டா ரிகாவையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் அரைகுறையாகிவிடும். முதல் தடவை என்றால் நான் கோஸ்டா ரிகாவைத்தான் சொல்வேன். சாலை, விடுதி, வழிகாட்டி எல்லாமே பறவை பார்ப்பவர்களுக்குப் பழகிய நாடு, மலையின் எல்லா உயரங்களும் சில மணி நேர ஓட்டத்துக்குள் வந்துவிடும்.

மூன்று இடம் என்றால் எனக்குப் பிடித்த வரிசை இது. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து தெற்கே போகும் இன்டர்அமெரிக்கன் நெடுஞ்சாலையில் 80வது கிலோமீட்டரில் ஒரு சின்னச் சாலை செங்குத்தாகக் கீழே இறங்கும். அது சான் ஹெரார்டோ தே டோட்டா, சவேக்ரே ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு, உயரம் சுமார் 2,200 மீட்டர். பலரும் இந்த மலைகளுக்கு வருவதே எந்தப் பறவைக்காகவோ, அந்த நீண்ட வாலிறகுப் பச்சைப் பறவையான கெட்சாலுக்கு இதுதான் இடம். அங்கேயே தங்கிக்கொண்டு ஒரு காலையில் மேலே செர்ரோ தே லா முயெர்ட்டே போய்வரலாம். பெயருக்கு மரண மலை என்று பொருள். சாலை வருவதற்கு முன்னால் நடந்தும் குதிரையிலும் இதைத் தாண்டியவர்கள் குளிரில் செத்துப்போனதால் வந்த பெயர். அங்கே 3,000 மீட்டருக்கு மேல் மரங்கள் குட்டையாகி, மூங்கில் புதரும் புல்லுமாக பாரமோ என்கிற நிலம் தொடங்கிவிடும். இரண்டாவது, கரீபியன் பக்கச் சரிவில் 1,200 முதல் 1,600 மீட்டர் வரை ஏதாவது ஓர் இடம், ஓரோசி பள்ளத்தாக்கை ஒட்டிய டபாண்டி மாதிரி. மழை கொட்டும், ஆனால் டானேஜர் என்கிற வண்ண வண்ணச் சின்னப் பறவைகள் இந்த உயரத்தில்தான். மூன்றாவது மோண்டேவெர்டே. அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்த, குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் 1951இல் அங்கே குடியேறினார்கள், 1972இல் மேகக்காட்டுக் காப்பகம் வந்தது. கூட்டம் அதிகம்தான், அதற்காகத் தவிர்க்க வேண்டாம், காலையில் முதல் ஆளாக உள்ளே போங்கள்.

பனாமா பிடித்தால் சிரிக்கி மாகாணம் போதும். வோல்கான் பாரு எரிமலையின் ஒரு பக்கம் காபிக்குப் பெயர்போன பொக்கேட்டே, இன்னொரு பக்கம் காய்கறித் தோட்டங்கள் நிறைந்த செர்ரோ புந்தா. இரண்டையும் இணைக்கும் காட்டுப் பாதைக்கே கெட்சால் பாதை என்றுதான் பெயர். செர்ரோ புந்தா உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து நடக்கத் தொடங்குங்கள், பெரும்பாலும் இறக்கமாகவே போகும். எதிர்த்திசையில் நடந்தால் பறவையை விட உங்கள் மூச்சுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். மழையில் பாதை சரிவதுண்டு, முந்தின நாள் விசாரித்துவிட்டுப் போங்கள்.

குவாத்தமாலா கொஞ்சம் கடினமான பயணம், பரிசும் அதற்கேற்றபடி. அடிட்லான் ஏரியைச் சுற்றியுள்ள எரிமலைகளில் கொம்பு குவான் என்கிற பறவை இருக்கிறது. வான்கோழி அளவு, கறுப்பு வெள்ளை உடம்பு, உச்சந்தலையில் நிஜமாகவே ஒரு சிவந்த கொம்பு. அதைப் பார்க்க விடியும் முன்பே கிளம்பி எரிமலைச் சரிவில் மணிக்கணக்காக ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கும் வயதிலேயே போய்விடுங்கள். முழங்கால் வேண்டாம் என்று சொன்னால் கெட்சால்தெனாங்கோ பக்கத்து வெந்நீர் ஊற்றான ஃபுயெந்தெஸ் ஹியோர்ஹினாஸ் பகுதியில் இளஞ்சிவப்புத் தலைக் கதிர்க்குருவியைத் தேடலாம். உடம்பு முழுக்க ஆழ்ந்த சிவப்பு, தலையில் மட்டும் வெள்ளி பூசிய ரோஜா நிறம். அப்புறம் வெந்நீரில் காலை நனைத்துக்கொள்ளலாம்.

எப்போது

ஒரே மாதம் சொல் என்றால் மார்ச். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மலையில் மழை குறைவு. கெட்சால் சுமாராக மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டுகிறது, ஆணின் நீண்ட வாலிறகுகள் முழுசாக இருக்கிற காலமும் அதுதான், முடிந்ததும் உதிர்ந்துவிடும். வட அமெரிக்காவிலிருந்து குளிருக்கு வந்த கதிர்க்குருவிகளும் மார்ச்சில் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பியிருக்காது. மோண்டேவெர்டேயில் மூவிழுது மணிப்பறவை கத்தத் தொடங்கும் நேரமும் இதுதான்.

ஒரே எச்சரிக்கை, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். அந்த வாரம் நாடே விடுமுறையில் இருக்கும், அறை கிடைக்காது, சாலை நெரியும். நாட்காட்டியைப் பார்த்து அதைத் தாண்டிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் போகக்கூடாது என்றில்லை. மே, ஜூனில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல்தான் கொட்டும், கூட்டமும் குறைவு. செப்டம்பர், அக்டோபர் மட்டும் வேண்டாம். பசிபிக் பக்கச் சரிவில் மழை உச்சத்தில் இருக்கும், மண் சரிந்து நெடுஞ்சாலையே மூடிக்கொள்வதுண்டு.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பணத்தை எங்கே செலவழிப்பது என்று குழம்பினால், விடுதியில் குறைத்து வழிகாட்டியில் கூட்டுங்கள். நல்ல அறையில் தூங்கத்தான் முடியும்.

பயணம் முழுக்கக் கூடவே வரும் வழிகாட்டி ஒரு வகை. அந்தந்த இடத்தில் காலை ஒரு வேளைக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர் இன்னொரு வகை. குழுவாகப் போனால் முதல் வகை வசதி. தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் இரண்டாவது வகையே போதும், என் அனுபவத்தில் அதுதான் இன்னும் மேல், ஏனென்றால் நேற்று கெட்சால் எந்த மரத்தில் காலை உணவு சாப்பிட்டது என்பது அந்தக் கிராமத்துக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்கே வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால், அவர் காட்டிய மரத்துக்குத் திரும்பிப் போக உங்களுக்கு நேரம் இருக்காது.

முன்பதிவு செய்யும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆறு வரை நல்லது, எட்டுக்கு மேல் போனால் குறுகலான காட்டுப் பாதையில் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார். டெலஸ்கோப் கொண்டுவருவாரா? காலை எத்தனை மணிக்குக் கிளம்புவார்? ஏழரைக்கு, சிற்றுண்டிக்குப் பிறகு என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பறவையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு வரவழைப்பாரா, எப்போது, எவ்வளவு நேரம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். எப்போதாவது, கொஞ்ச நேரம், கூடு கட்டும் பறவைக்கு ஒருபோதும் இல்லை என்று சொல்பவர் நல்ல வழிகாட்டி. எல்லாப் பறவையும் கண்டிப்பாகக் காட்டுகிறேன் என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கோஸ்டா ரிகாவில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அந்நாட்டுச் சுற்றுலா நிறுவனமான ஐசிடி அங்கீகார அட்டை தருகிறது, குவாத்தமாலாவில் இங்குவாட் தருகிறது. அட்டையைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

போன பிறகு, உங்களுக்கு எது தெரியும் எது தெரியாது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு வலது காதில் உச்ச சுருதிச் சத்தங்கள் சரியாகக் கேட்காது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு முழுக் காலை, கேட்காத பறவைக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் சொன்னதும் அவர் என்னை இடது பக்கம் நிறுத்திக்கொண்டு திசையைக் கையால் காட்டினார், அவ்வளவுதான் பிரச்சினை.

ஸ்பானியச் சொற்கள் ஏழெட்டு போதும். அர்ரிபா என்றால் மேலே, அபாஹோ கீழே, தெரேச்சா வலது, இஸ்கியேர்தா இடது. மாச்சோ ஆண், எம்ப்ரா பெண், நிதோ கூடு. வழிகாட்டி பரபரப்பில் ஆங்கிலத்தை மறக்கும் தருணம் ஒன்று வரும், நல்ல பறவை அப்போதுதான் வந்திருக்கும்.

கெட்சாலைப் பார்ப்பது

தீக்காக்கை தெரியும் இல்லையா, அதே குடும்பம்தான் கெட்சால். குவாத்தமாலாவின் தேசியப் பறவை, அந்த நாட்டின் பணத்துக்கே கெட்சால் என்றுதான் பெயர். ஆண் பறவையின் உடம்பு புறாவை விடச் சற்றுப் பெரிது, வாலுக்கு மேலிருந்து தொங்கும் இறகு அதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளும். இவ்வளவு பளபளப்பான பறவை தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்று நினைப்போம். படாது. அதன் பச்சை நிறமிகளால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. வெயில் படாத இடத்தில் அது நனைந்த இலை மாதிரியே இருக்கும். பறவையும் நிமிர்ந்து உட்கார்ந்து நிமிடக்கணக்கில் அசையாது. முதுகை நம் பக்கம் திருப்பிக்கொண்டால் சிவந்த வயிறும் மறைந்துவிடும். என் முதல் கெட்சால் என் தலைக்கு மேல் பதினைந்து அடியில் இருந்தது, நான் எதிர் மலைச்சரிவைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அதனால் பறவையைத் தேடாமல் மரத்தைத் தேடுங்கள். அகுவாகட்டில்லோ என்று உள்ளூரில் சொல்லும் காட்டு வெண்ணெய்ப்பழ மரம். பழம் நாம் சாப்பிடும் அவகாடோவின் குட்டி வடிவம், கட்டைவிரல் அளவுதான். கெட்சால் அதை முழுசாக விழுங்கி, சதை கரைந்ததும் கொட்டையை வாய் வழியாகத் துப்பிவிடும். எனவே மரத்தடியில் குனிந்து பாருங்கள். ஈரம் காயாத கொட்டைகள் கிடந்தால் பறவை பக்கத்தில்தான் இருக்கிறது. மரத்துக்கு நேர் கீழே நிற்காமல் இருபது முப்பது மீட்டர் தள்ளி, மரமும் அதைச் சுற்றியுள்ள வெறுங்கிளைகளும் தெரிகிற மாதிரி உட்காருங்கள். பறந்தபடியே பழத்தைப் பறித்துக்கொண்டு ஏதாவது ஒரு திறந்த கிளையில் வந்து உட்காரும், அங்கேதான் நன்றாகப் பார்க்க முடியும். காலை ஆறு முதல் எட்டுக்குள் பெரும்பாலும் ஒரு தடவையாவது வரும்.

சான் ஹெரார்டோ பக்கம் இப்படிப்பட்ட மரங்கள் பல, தனியார் பண்ணை நிலங்களில் நிற்கின்றன. விவசாயிகள் சின்னத் தொகை வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதால் வருமானம் வருகிறது என்பதால்தான் அந்த மரம் இன்னும் அங்கே இருக்கிறது.

கூடு பட்டுப்போன மரத்தின் பொந்தில் இருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆண் உள்ளே இருக்கும்போது வாலிறகு பொந்துக்கு வெளியே இரண்டு பெரணி இலை மாதிரித் தொங்கும். அதைப் பார்த்தால் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். படத்துக்காகச் சுற்றிச் சுற்றி நின்றால் பறவை உள்ளே போகத் தயங்கும், முட்டை குளிரும். கூட்டின் சரியான இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

கெட்சாலைப் பார்த்துவிட்டால் பாதிப் பேருக்குப் பயணமே முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு இது புரிவதே இல்லை. உண்மையில் அதற்கப்புறம்தான் மனசு லேசாகி, மற்றதையெல்லாம் பார்க்க முடியும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

சூரியன் இங்கே வருடம் முழுக்கவே ஐந்தேகாலிலிருந்து ஆறுக்குள் உதித்துவிடும். ஐந்து மணிக்குக் காபி, வெளிச்சம் வரும்போது நீங்கள் வெளியே இருக்க வேண்டும். எட்டு, எட்டரைக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பி, மறுபடியும் பதினொன்று வரை. மதியம் மேகம் பள்ளத்தாக்குக்குள் ஏறிவந்து எதிரில் நிற்கும் மரத்தையே மறைக்கும், அப்போது தூங்குங்கள், அல்லது விடுதித் திண்ணையில் உட்கார்ந்து ஹம்மிங்பேர்டுகளைப் பாருங்கள். நாலு மணிக்கு மேல் ஒரு நடை. இரவில் ஆந்தை தேட ஒருநாள்.

காலை நடையில் ஒரு விஷயம் பழக்கமில்லாதவர்களைக் குழப்பும். அரைமணி நேரம் காடு காலியாக இருக்கும், ஒரு குருவிகூட இராது. திடீரென்று ஒரு நிமிடத்துக்குள் முப்பது பறவைகள், பத்துப் பதினைந்து இனங்கள், எல்லாம் ஒரே திசையில் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு வரும். இது கலப்புக் கூட்டம், சேர்ந்து இரை தேடினால் ஆளுக்கு ஆள் காவல் என்கிற ஏற்பாடு. இதில் ஒவ்வொன்றையும் பார்க்க முயன்றால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள், கூட்டம் அதன் வழியாகத்தான் போகும். வழிகாட்டி பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார், காதில் வாங்கிக்கொள்ளுங்கள், புத்தகத்தைத் திறக்காதீர்கள். கூட்டம் போன பிறகு திறக்கலாம். கூடவே ஓடுவதாக இருந்தால் பின்னால் ஓடாமல், அது போகிற திசைக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

கூட்டத்தில் மஞ்சள் முகமும் செந்தொப்பியுமாக ஒரு சின்னப் பறவை உங்களை நோக்கியே வந்தால் அது கழுத்துப்பட்டை ரெட்ஸ்டார்ட். உள்ளூர்க்காரர்கள் அதை மனிதனின் நண்பன் என்கிறார்கள், நடப்பவர் காலடியில் கிளம்பும் பூச்சிக்காகப் பின்னாலேயே வரும். நட்பில் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது, பரவாயில்லை. மர உச்சிகளைப் பார்க்க மறக்காதீர்கள். நீள்வால் பட்டு ஈப்பிடிப்பான் ஜோடியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கொண்டையும் வாலுமாக அத்தனை நேர்த்தி, புல்லுருவிப் பழம் என்றால் உயிர்.

எல்லாமே கண்ணால் பார்ப்பதில்லை. கருமுகச் சாலிடேரின் குரலைக் கேட்டால் யாரோ காட்டுக்குள் புல்லாங்குழலைச் சுருதி சேர்க்கிற மாதிரி, நடுநடுவே துருப்பிடித்த கதவு கிறீச்சிடுகிற மாதிரி இருக்கும். ஆளைப் பார்ப்பது கஷ்டம். இந்தக் குரலுக்காகவே அதைக் கூண்டில் அடைத்து விற்கிறார்கள், சட்டப்படி குற்றம் என்றாலும். பறவை சாம்பல் நிறம், கால் ஆரஞ்சு, பத்து நிமிடம் அசையாமல் நின்றால் பாதைக்கு மிகப் பக்கத்தில் வந்து உட்காரும். மூவிழுது மணிப்பறவை இதற்கு நேரெதிர். ஒரு மணியைத் தடியால் அடித்த மாதிரி ஒரே சத்தம், நெடுந்தூரத்துக்குக் கேட்கும். அலகிலிருந்து மூன்று புழு தொங்குகிற மாதிரி விழுதுகள், காய்ந்த உச்சிக்கிளையில் நின்று கத்தும். சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருகிற மாதிரி இருப்பதால், வழிகாட்டி டெலஸ்கோப்பில் பிடித்துக் கொடுக்கும் வரை பொறுமை. கூடு காலம் முடிந்ததும் இவை மலையிலிருந்து இறங்கிவிடும், கெட்சாலும் ஓரளவு அப்படித்தான், பழம் எங்கே பழுக்கிறதோ அங்கே. ஆகஸ்டுக்கு மேல் போய்விட்டு மணிப்பறவை இல்லை என்று விடுதிக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

புதருக்குள் தரையில் ஓடும் பறவைகளுக்கு வேறு உத்தி. செலடோனியா என்றொரு பறவை, கோஸ்டா ரிகப் பறவையியலாளர் ஹோசே காஸ்டுலோ செலடோனின் பெயரால் வந்தது, தன் குடும்பத்தில் ஒரே ஒரு இனம். மூங்கில் புதரின் இருட்டில் எலி மாதிரி நகரும். வழிகாட்டி ஓர் இடத்தைக் காட்டி இங்கே நில்லுங்கள் என்றால் நில்லுங்கள், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு கையளவு இடைவெளியில் ஒன்றரை நொடி தெரியும். வெறுங்கண்ணே மேல்.

ஹம்மிங்பேர்டுகள்

தேன்சிட்டு என்று சிலர் இதையும் சொல்லிவிடுகிறார்கள். தேன்சிட்டு வேறு குடும்பம். ஓசனிச்சிட்டு என்ற பெயர் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். இரவுக் குளிரில் இவை உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொண்டு கிட்டத்தட்ட மயங்கிக் கிடக்கும், அதனால் விடிந்ததும் அகோரப் பசியில் வரும். முதல் வெளிச்சத்தில் பூச்செடிக்கு முன்னால் நின்றால் நாள் முழுக்கப் பார்ப்பதை அரைமணியில் பார்த்துவிடலாம்.

தீத்தொண்டை ஓசனிச்சிட்டை முதலில் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கரும்பச்சை. சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு, பறவை நேர் முகமாக உங்களைப் பார்க்கும் வரை காத்திருங்கள். தொண்டையில் செம்பு, ஆரஞ்சு, நீலம் எல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளும், தலையைத் திருப்பினால் அணைந்துவிடும். மேலே பாரமோவில் எரிமலை ஓசனிச்சிட்டு இருக்கிறது, ஏழெட்டு சென்டிமீட்டர்தான். எந்த எரிமலையில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் தொண்டை நிறமே மாறும். உயரத்தைக் குறித்துவையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான், எந்த மலை, எத்தனை மீட்டர் என்பது பறவையின் பெயர் அளவுக்கு முக்கியம்.

அதே செர்ரோ தே லா முயெர்ட்டே உச்சியில், தொலைத்தொடர்பு கோபுரங்கள் இருக்கிற பகுதியில், எரிமலை ஜங்கோ என்கிற சின்னக் குருவி தரையில் தத்திக்கொண்டிருக்கும். மஞ்சள் கண், எப்போதும் கோபமாக இருக்கிற மாதிரி முகம். 3,000 மீட்டருக்குக் கீழே அதைத் தேடுவது வீண். மேலே போனதும் மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தலை வலித்தால் வீரம் காட்டாமல் கீழே இறங்கிவிடுங்கள். சான் ஹெரார்டோவில் ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் மேலே போனால் உடம்பு ஒத்துக்கொள்ளும்.

எடுத்துப் போக வேண்டியவை

பைனாகுலர் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. உள்ளது. இதில் விவாதமே வேண்டாம். 10x எடுத்தால் மங்கலான மேகக்காட்டில் கை நடுக்கமும் இருட்டும்தான் கூடும். உள்ளே நைட்ரஜன் நிரப்பிய, நீர் புகாத வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே உள்பக்கம் ஆவி படியும். என்னுடையது படிந்தது, ஒரு முழுக் காலை பனியைப் பார்த்தேனா கண்ணாடியைப் பார்த்தேனா என்றே தெரியவில்லை. புறப்படும் முன் வீட்டிலேயே பைனாகுலரைச் சரியாகக் கண்ணுக்கு அமைத்துப் பழகிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியதைக் காட்டில் பிரிக்காதீர்கள்.

துணி அடுக்கடுக்காக. சான் ஹெரார்டோவில் விடியற்காலை 8 டிகிரி சாதாரணம், மேலே பாரமோவில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும், பத்து மணிக்கு வெயில் சுடும். சரசரவென்று சத்தம் போடும் மழைக்கோட்டு வேண்டாம், பறவைக்குக் கேட்கிறதோ இல்லையோ வழிகாட்டிக்குப் பறவை கேட்காது. மடக்குக் குடை ஒன்று, சிரிப்பார்கள், மழை வந்ததும் கடன் கேட்பார்கள். சேற்றுக்கு முழங்கால் ரப்பர் பூட்ஸ், பல விடுதிகளில் இரவல் தருவார்கள், உங்கள் கால் பெரிசு என்றால் கிடைக்காது. ஈரம் போக்க சிலிக்கா பொட்டலங்கள், லென்ஸ் துடைக்க இரண்டு துணி, சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு. நிறம் மங்கலாக இருந்தால் போதும், ராணுவ உடையெல்லாம் தேவையில்லை, வெள்ளைச் சட்டை மட்டும் தவிர்க்கலாம்.

கேமரா உங்கள் விருப்பம். ஃபிளாஷ் வேண்டாம். மெர்லின் செயலியில் மத்திய அமெரிக்கப் பறவைத் தொகுப்பை ஊரிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. அது குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரை ஒரு யூகமாக வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் கேளுங்கள். செயலி சொல்லிவிட்டது என்பதற்காக பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் பதியாதீர்கள்.

குழுவாக நிற்கும்போது

டெலஸ்கோப்பில் பறவை கிடைத்தால் முதல் சுற்று ஆளுக்கு இரண்டு நொடி, எல்லோரும் பார்த்த பிறகு இரண்டாவது சுற்றில் ஆற அமரப் பாருங்கள். பறந்துவிடும் பறவை வரிசையைப் பார்த்துக் காத்திருக்காது. குள்ளமானவர் முன்னால். இடம் சொல்லும்போது அந்தப் பச்சை மரத்தில் என்று சொல்லாதீர்கள், எல்லாமே பச்சை மரம்தான். கடிகார முறையில் சொல்லுங்கள், அந்த உடைந்த மரத்தின் உச்சியிலிருந்து இரண்டு மணித் திசையில், கிளை பிரிகிற இடத்தில் என்று. வழிகாட்டி லேசர் காட்டினால் அது பறவைக்குக் கீழே காட்டுவதற்கு, மேலே அல்ல. அவர் மறந்தால் நீங்கள் சொல்லலாம்.

பணம், கடைசி நாள்

கோஸ்டா ரிகாவில் கொலோன், குவாத்தமாலாவில் கெட்சால், பனாமாவில் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில். மலைக் கிராமத்துப் பண்ணையில் அட்டை செல்லாது, சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு அன்பளிப்பு நேரடியாக, கையில், அன்றன்றைக்கே. விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று போன்றவை நீங்கள் எந்த நாட்டுக் கடவுச்சீட்டில், எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் எரிச்சல்தான்.

விமானம் ஏறும் நாள் வரை மலையிலேயே இருக்காதீர்கள். மலையிலிருந்து அதே நாள் இறங்கி விமானம் பிடிப்பது என்பது நெடுஞ்சாலையின் தயவில் இருக்கிறது, ஒரு லாரி குறுக்கே நின்றால் போச்சு. முந்தின நாளே இறங்கி விமான நிலையம் இருக்கிற அலஹுவேலாவில் தங்குங்கள். விடுதித் தோட்டத்தில் மண் நிறத்தில் ஒரு பூங்குருவி நிச்சயம் இருக்கும். இவ்வளவு வண்ணப் பறவைகள் உள்ள நாட்டில் கோஸ்டா ரிகாக்காரர்கள் தேசியப் பறவையாக எடுத்துக்கொண்டது இந்த ஜிகிர்ரோவைத்தான், 1977இல். மழைக்காலத்தைப் பாடி அழைத்துவருவது அதுதான் என்று சொல்வார்கள். நீங்கள் போவது ஏப்ரல் என்றால் விடியும் முன் அதுவே எழுப்பிவிடும், அலாரம் வைக்க வேண்டாம்.